பித்தளை ஹார்ன்

"இது மட்டும் ஆவாது சார். வுட்டுடுங்க" என்றார் ஞானதாஸ், கையிலிருந்த ஹார்னைத் துடைத்தபடி.

ஜெகனுக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை.

ஐம்பது வருடமாகக் கோழி அடைந்து கிடந்த கார் அது. ஜெகனின் தாத்தா ஓட்டியது. கூரை கிடையாது, ரெண்டே சீட்டு, சிவப்பு நிற ஸ்போர்ட்ஸ் கார். காவாந்தண்டலத்து வீட்டை ஒட்டியிருந்த மாட்டுக் கொட்டகையைக் கார் ஷெட்டாக மாற்றி, எட்டு மாதமாக ஜெகனும் மெக்கானிக் ஞானதாஸும் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

துருவேறி இறுகிப்போன இன்ஜினுக்கு உயிர் கொடுத்தவர் ஞானதாஸ். எங்கேயும் கிடைக்காத கியர் வீலை உத்திரமேரூர் லேத் பட்டறையில் நின்று கடைந்து வாங்கி வந்தவர். அப்பேர்ப்பட்ட மனிதருக்கு, ரப்பர் பந்தை அமுக்கினால் கத்த வேண்டிய ஒரு பித்தளைக் குழாய் தண்ணி காட்டுகிறதாம்!

"புது பந்து ஆன்லைன்ல வாங்கிக் குடுத்தேனே ஞானதாஸ்ண்ணா?"

"பந்து நல்லாதான் கீது சார். உள்ள சத்தம் குடுக்கிற நாக்கு தேஞ்சிருச்சி."

"போன வாரம் நாக்கு நல்லா கீதுன்னு சொன்னீங்க."

ஞானதாஸ் ஸ்பானரைத் தேடினார். அது அவர் காலடியில்தான் கிடந்தது.

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மேஸ்திரி வேலை பார்த்துக்கொண்டிருந்த சித்தப்பா தாமோதரனுக்குப் பொறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காஞ்சிபுரத்தில் பழைய கார் கண்காட்சி. அவர்தான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போவதாக ஏற்பாடு.

"ஹார்ன் இல்லாத இன்னாடா காரு? எங்க நைனா ஏரிக்கரை திரும்பசொல்ல ஒரு அமுக்கு அமுக்குவாரு. ஊருக்கே தெரிஞ்சிடும், பெரியவரு வராருன்னு. அந்தச் சத்தம்தான்டா நம்ம வூட்டு மரியாத!"

அப்போதுதான் ஞானதாஸின் அப்பா வந்தார். எழுபத்தெட்டு வயது. தினமும் மகனுக்குத் தூக்கில் சோறு எடுத்துவருவது அவர்தான். நடக்கிறதெல்லாம் நடு ரோட்டில். பின்னால் வந்த செங்கல் லாரி ஹார்ன் அடித்து அடித்து ஓய்ந்துபோய், கடைசியில் அதுவே ஒதுங்கிப் போனது.

"பாத்தியா, பெருசு நவுருதா பாரு. காலம் அப்டி ஆயிப்போச்சி" என்றார் சித்தப்பா.

பெரியவர் வாசலிலேயே தூக்கை வைத்தார். காரை ஒருமுறை பார்த்தார். கிட்டே வரவில்லை.

"சூடா கீது. துன்னுட்டு வேலயப் பாருடா" என்று மகனிடம் சொல்லிவிட்டு, வந்த வழியே கிளம்பினார்.

ஞானதாஸ் கை கழுவக் குழாயடிக்குப் போனதும், சித்தப்பா நாற்காலியை ஜெகன் பக்கம் இழுத்துப் போட்டார்.

"வேணும்னே பண்றான்டா. வேலைய இழுத்துக்கினே இருந்தா அவனுக்குத்தானே லாபம்? வேற ஆளப் பாரு. நாளைலேர்ந்து வர வேணாம்னு சொல்லிடு."

ஜெகனுக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. ஆனாலும் சந்தேகம் புகுந்துவிட்டதே! ஹார்னை எடுத்து வாய்ப்பக்கம் விரலை விட்டுப் பார்த்தான். மெத்தென்று ஏதோ தட்டுப்பட்டது. இழுத்தான். ஒரு பிடி பனியன் வேஸ்ட் வந்தது. ஞானதாஸ் கிரீஸ் துடைக்க வைத்திருக்கும் அதே துணி.

எட்டு மாதமாக அண்ணா அண்ணா என்று நம்பியவன் அதைக் கீழே வீசினான்.

"ஞானதாஸ்ண்ணா! இன்னா இது?"

ஈரக் கையோடு ஓடி வந்த ஞானதாஸுக்கு முகம் செத்துவிட்டது.

"சார், அமுக்காதீங்க சார்..."

ஜெகன் இருந்த கோபத்தில் பந்தைப் பிடித்து ஒரே அமுக்காக அமுக்கினான்.

'பாம்!'

"அதே சத்தம்டா! நைனாவே வந்த மாதிரி கீதுடா!" சித்தப்பா தொடையைத் தட்டிக்கொண்டார்.

"ஏண்ணா பொய் சொன்னீங்க?" என்று கேட்கத் திரும்பினான் ஜெகன். ஞானதாஸ் அவனைப் பார்க்கவே இல்லை. ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜெகனும் பார்த்தான்.

நடு ரோட்டில் போய்க்கொண்டிருந்த பெரியவரை ரோட்டில் காணோம். ஓரத்துக் கால்வாயில், முழங்கால் சேற்றில் நின்றுகொண்டிருந்தார். செருப்பு இரண்டும் அக்குளில். தோளில் கிடந்த துண்டு இடுப்பில். தலை குனிந்திருந்தது.

கார் எதுவும் வரவில்லை என்பது புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. யாராவது பார்த்துவிட்டார்களா என்று சுற்றும்முற்றும் பார்த்துக்கொண்டே மெல்ல மேலே ஏறினார்.

"மொத நாளு நான் அமுக்கிப் பாக்கசொல்லயும் இப்டிதான் எறங்கிட்டாரு சார்" என்றார் ஞானதாஸ். "வேற எந்த ஹார்னுக்கும் நவுர மாட்டாரு. அன்னிக்கு வூட்ல வந்து, 'கால் தானா எறங்கிடுச்சிடா'ன்னு அழுதாரு. உங்க தாத்தா காருன்னு ஆசையா செய்யறீங்க. உங்ககிட்ட எப்டி சார் சொல்றது?"

ஜெகனுக்கு அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

ரோட்டுப் பக்கம் திரும்பியே பார்க்காத சித்தப்பா எழுந்து வந்தார்.

"நல்லாத்தானே அடிக்குது? மாட்டுடா, மாட்டு! ஞாயித்துக்கெழம ஊர் பூரா அடிச்சிக்கினே போவலாம்."

ஜெகன் குனிந்து, கீழே கிடந்த பனியன் வேஸ்ட்டை எடுத்தான். ஹார்னுக்குள் வைத்து ஸ்க்ரூ டிரைவரால் இறுக்கித் திணித்தான்.

"இது மட்டும் ஆவாது சித்தப்பா. வுட்டுடுங்க."