இருட்டு டாக்டர்

புதன்கிழமை பத்து மணிக்கு இருட்டு டாக்டர் வந்துவிட்டார். வந்துவிட்டார் என்றால், திரையில் ஒரு கறுப்புக் கட்டம் வந்தது. அதற்குள்ளிருந்து, "வணக்கம் சிஸ்டர், இன்னைக்கு யாரு?" என்று இழுத்து இழுத்து ஒரு குரல் கேட்டது.

பட்டாள முகாம் ஆஸ்பத்திரியின் பழைய ஸ்டோர் ரூம் அது. ஜன்னல் கிடையாது. ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், இரண்டு நாற்காலி. பரம்பரை வியாதி உள்ள குடும்பத்துச் சிப்பாய்களுக்கு, தூரத்துப் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து வாரம் ஒருநாள் இப்படித்தான் ஆலோசனை.

சிஸ்டருக்கு அவரைக் கண்டாலே ஆகாது. கண்டால்தானே? இரண்டு வருஷமாக ஒருநாள்கூட அவர் கேமராவைப் போட்டதில்லை. நம் பையன்கள் அழுவதை அவர் பார்க்கலாம், அவர் முகத்தை மட்டும் நாம் பார்க்கக் கூடாது. போதாக்குறைக்கு, யாராவது கலங்கினால் போதும், அந்தப் பக்கம் மேஜையைத் தட்டும் சத்தம் வேகமாகும். டக், டக், டக். சீக்கிரம் முடித்துத் தொலை என்கிறாராம்.

"எமன்கூட நேர்ல வந்துதான் கூப்பிடுவான். இவருக்கு அதுக்கும் மேல கிராக்கி" என்பாள்.

இன்று வந்தவன் ராணுவ லாரி டிரைவர். வயது முப்பத்தொன்று. மனைவிக்கு மூன்று மாதம். அவன் அப்பா கைகால் தானாக உதறி உதறியே போய்ச் சேர்ந்தவர். பெரியப்பாவும் அப்படியே. தனக்கும் அது இருந்தால் ஒருநாள் ஸ்டியரிங் கையை விட்டுப் போகும். வயிற்றில் இருப்பதற்கும் வரலாம். தூங்கியே பத்து நாள் ஆயிற்று என்றான்.

குரல் கேட்டது. "அப்பாவுக்கு முதல்ல முடியாமப் போனது சட்டை பட்டன்தானே? மேல் பட்டன்?"

டிரைவர் நிமிர்ந்தான். "ஆமா சார். அம்மாதான் போட்டுவிடுவாங்க."

"அப்புறம் வீட்ல கண்ணாடி டம்ளரையெல்லாம் எடுத்து ஒளிச்சு வச்சீங்க. எவர்சில்வர்தான். அதுக்கும் ஒரு மூடி."

"ஆமா சார்."

"காரணமே இல்லாம கத்துவாரு. கத்தி முடிச்சதும் மன்னிப்பு கேக்க வாயெடுப்பாரு, வார்த்தை வராது."

டிரைவர் தன் முதுகுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தான். அங்கே சுவர்தான் இருந்தது.

"இதெல்லாம் யாரு சொன்னது உங்களுக்கு?"

கறுப்புக் கட்டத்திலிருந்து டக், டக் மட்டும் கேட்டது. சிஸ்டர் திரையை உற்றுப் பார்த்தாள். செத்துப்போன மனிதரின் வீட்டு மூலையில் வருஷக்கணக்காக உட்கார்ந்து பார்த்தவர் போலல்லவா பேசுகிறார்.

பிறகு குரல் நிதானமாக விளக்கியது. அப்பாவுக்கு இருந்தால் பிள்ளைக்குப் பாதிக்குப் பாதி. காசைச் சுண்டிப் போடுவது மாதிரிதான், பூவும் விழலாம், தலையும் விழலாம். ரத்தம் கொடுத்தால் தெரிந்துவிடும். தெரிந்ததைப் பிறகு தெரியாமல் ஆக்க முடியாது. கொடுப்பதும் விடுவதும் அவன் இஷ்டம், வீட்டில் கலந்து பேசி வரட்டும்.

"ஒரு நிமிஷம் உங்க முகத்தைக் காட்டுங்க சார்" என்றான் டிரைவர். அவன் கண் கலங்கியிருந்தது. "முகத்தைப் பார்த்தா எனக்குத் தெரிஞ்சிடும், பயப்படணுமா வேணாமான்னு. அப்புறம் ரத்தம் குடுக்கறேன்."

டக் டக் டக் டக் என்று சத்தம் ஓட்டமெடுத்தது.

"அது மட்டும் முடியாது தம்பி" என்றது குரல். கட்டம் மறைந்தது.

டிரைவர் எழுந்து போய்விட்டான். சிஸ்டருக்கு ரத்தம் கொதித்தது. அன்றே ஒரு புகார் எழுதினாள். 'மனிதாபிமானம் இல்லாதவர், உடனே மாற்ற வேண்டும்' என்று அடிக்கோடு வேறு. மறுநாள் பெரிய ஆஸ்பத்திரிக்கு ரத்த மாதிரிப் பெட்டி கொண்டுபோகும் முறை அவளுடையது. பெட்டியைக் கொடுத்த கையோடு, அதிகாரியிடம் போவதற்கு முன் ஆளை நேரில் நாலு கேள்வி கேட்டுவிடுவோம் என்று அவர் அறைக் கதவைத் தட்டினாள்.

"வாங்க" என்று அதே குரல் இழுத்தது.

உள்ளே சத்தம்தான் முதலில் அவளைப் பிடித்தது. டக், டக். மேஜையை யாரும் தட்டவில்லை. நாற்காலியின் மரக் கைப்பிடியில் அவர் முழங்கை தானாக மோதிக்கொண்டிருந்தது. சத்தம் கேட்கக் கூடாதென்று கைப்பிடியில் சுற்றிய துண்டு அவிழ்ந்து தொங்கியது. தோள் துள்ளியது. முகம் ஒரு பக்கமாகக் கோணி, பழைய நிலைக்கு வந்து, மறுபடி கோணியது. மேஜைமேல் மூடி போட்ட எவர்சில்வர் டம்ளர். சட்டையில் மேல் பட்டன் போடவில்லை.

சிஸ்டர் நாலு கேள்வியையும் மறந்து நின்றாள். புகார்க் காகிதம் கைக்குள் கசங்கியது.

"அந்த டிரைவர் தம்பி ரத்தம் குடுத்தாரா?" என்று கேட்டார்.

"இல்ல சார்" என்றாள். "உங்க முகத்தைப் பார்த்தாத்தான் முடிவு பண்ணுவாராம்."

முழங்கை வேகமாக மோதியது. அதை இன்னொரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

"கேமராவைப் போட எவ்வளவு நேரமாகும் சிஸ்டர்? போட்டா அவங்க பார்க்கறது என்னை இல்ல, பதினஞ்சு வருஷம் கழிச்சு தன்னை. பாதிப் பேருக்கு அது பொய்."