சிவசோதியின் பைக்குக்கு ஒரு கூரை

"தம்பி, வெள்ளிக்கிழமை நம்பர் பிளேட் கிடைச்சிடும். சனிக்கிழமைக்குள்ள கராஜை விட்டுத் தந்தியெண்டால் நல்லது."

சிவசோதி இதை வாசலில் நின்றபடியே சொன்னார். உள்ளே போனால் துஷாந்த் தேத்தண்ணி ஊற்றித் தந்துவிடுவான், பிறகு சொல்ல வாய் வராது.

"ஓம் அண்ணை," என்றான் துஷாந்த்.

மெல்பேர்னின் கிரெய்கிபர்னில் சிவசோதியின் வீட்டுக் கராஜில் ஒரு கட்டில், ஒரு கதிரை, ஒரு கரண்ட் அடுப்போடு நாலு வருஷமாகக் குடியிருப்பவன். இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. அவன் கதவை அடித்துச் சாத்திய சத்தம்கூட அந்த வீட்டில் கேட்டதில்லை.

அப்படிப்பட்டவனைக் கராஜை விட்டு எழுப்பச் சிவசோதியிடம் இருந்த காரணம் ஒரு மோட்டார் சைக்கிள். யாழ்ப்பாணத்தில் தங்கச்சி வீட்டில் சாக்கு மூடிக் கிடந்த பழைய ஹோண்டா சிடி 125.

ஒருநாள் கிளென் வேவர்லி செந்தில்நாதன் அரதப் பழசான இங்கிலாந்து பைக் ஒன்றில் கோயிலுக்கு வந்து இறங்கினார். சனம் சாமியை விட்டுவிட்டு அவரைச் சுற்றி நின்றது. சிவசோதிக்கு அன்று பொங்கல் தொண்டையால் இறங்கவில்லை. அடுத்த கிழமையே தன்னுடையதைக் கப்பலில் எடுப்பிக்கும் வேலையில் இறங்கினார்.

அதன் பிறகு அவர் பட்ட பாட்டைக் கேட்காத தமிழர் மெல்பேர்னில் இல்லை.

முதலில் இறக்குமதி அனுமதி. பைக் எந்த வருஷம் செய்யப்பட்டது, யாருடையது என்பதற்கு ஆதாரம் கேட்டார்கள்.

"சண்டைக்குள்ள வீடு வாசலே போயிட்டுது. இவங்களுக்குப் பத்திரம் வேணுமாம்!"

எப்படியோ அனுமதி வந்தது. கப்பலேற்றும் நாளில் தங்கச்சி பைக்கைப் பிள்ளையார் கோயிலுக்குக் கொண்டுபோய், சந்தனம் பூசி, ஹாண்டிலில் செத்தல் மிளகாய் கட்டி, சில்லுக்கடியில் தேசிக்காய் வைத்து நசித்து அனுப்பிவிட்டாள்.

மெல்பேர்ன் துறைமுகத்தில் பெட்டியைத் திறந்த அதிகாரி, சில்லில் ஒட்டியிருந்த தேசிக்காய் விதையைக் குறட்டால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். வெளிநாட்டு விதை நாட்டுக்குள் வரக்கூடாதாம்; பைக்கைத் தடுத்து வைத்துவிட்டார்கள்.

"ஒரு குற்றமும் செய்யேல்லை. கிழமைக்கணக்கா அடைச்சு வைச்சிருக்கிறாங்கள். ஒருக்காப் போய்ப் பார்க்கவும் விடுறாங்களில்லை," என்று சிவசோதி சாப்பாட்டு மேசையில் குமுறினார்.

"தேசிக்காய் செய்த குற்றம்," என்றாள் மனைவி சந்திரவதனா, குழம்பை ஊற்றியபடி.

"உமக்கு எல்லாம் பகிடி."

விதைப் பிரச்சினை தீர்ந்தது என்றால், பிரேக்கில் அஸ்பெஸ்டஸ் இல்லையென்று காட்டு என்றார்கள். காட்டினார். வெளியே விட்டபின் இஞ்சினியர் பார்க்கவேண்டும். பிறகு ரோட்டில் ஓடத் தகுதியென்று ரோட்வேர்தி சான்று. பிறகு ரெஜிஸ்ட்ரேஷன். ஒவ்வொரு கந்தோரிலும் புது ஆள், அதே கேள்வி.

"போன ஆளிட்டச் சொன்னதை இவனிட்டயும் முதலில இருந்து சொல்லவேணும். ஒரு சொல்லு மாறிச் சொன்னால் கள்ளனைப் பார்க்கிற மாதிரிப் பார்க்கிறான். நம்புறாங்களில்லை, தம்பி!"

இதையெல்லாம் அவர் கொட்டித் தீர்த்தது துஷாந்திடம்தான். பின்வளவில் படங்கு மூடி வைத்திருந்த பைக்கை வேலையால் வந்து அவனும் சேர்ந்து துடைப்பான். "ஓம் அண்ணை" என்பதற்கு மேல் பேசமாட்டான். அதனாலேயே சிவசோதிக்கு அவனைப் பிடிக்கும். ஆனாலும் படங்கு மழைக்குத் தாங்காது. இவ்வளவு பாடுபட்டு வந்த பைக் கறள் பிடிக்க விடலாமா?

வெள்ளிக்கிழமை பிளேட் கிடைத்தது. துஷாந்த் அதைப் பைக்கில் பூட்டத் தொடங்கினான். கராஜ் வாசலில் அவனுடைய இரண்டு பைகளும் கட்டி வைத்தபடி இருந்தன.

"எங்க போறாய்?" என்று சந்திரவதனா கேட்டாள்.

"தெரிஞ்ச பொடியன் ஒருத்தன்ர வீட்டு ஹோலில படுக்கலாம் அக்கா. கொஞ்ச நாளைக்குத்தான். பிறகு பார்ப்பம்."

சிவசோதியின் காதில் இது விழவில்லை. பிளேட்டைத் தடவிப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"எட்டு மாசம், தம்பி. ஒரு பேப்பருக்கு எட்டு மாசம். நாளைக்கு என்ன சொல்லுவாங்களோ, திருப்பி அனுப்பிப் போடுவாங்களோ எண்டு நித்திரை இல்லை. அது அனுபவிச்சவனுக்குத்தான் தெரியும்."

"ஓம் அண்ணை," என்றான் துஷாந்த், கடைசித் திருகாணியை இறுக்கியபடி. "எனக்குப் பதின்மூண்டு வருசம்."

"என்னது?"

"விசா. இன்னும் தற்காலிகம்தான்."

நேரம் கேட்டவருக்கு நேரம் சொல்வதுபோலத்தான் சொன்னான். அவன் படகில் அகதியாக வந்தவன் என்பது சிவசோதிக்குத் தெரியும். எவ்வளவு காலமாகக் காத்திருக்கிறான் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. பிளேட்டை இன்னொருமுறை துடைத்தார்.

நல்லவேளையாக மழை தூறத் தொடங்கியது. சிவசோதி பைக்கை அவசரமாகக் கராஜை நோக்கி உருட்டினார்.

வாசலை மறித்துக்கொண்டு சந்திரவதனா நின்றாள். துஷாந்தின் பைகளில் ஒன்றைத் தூக்கித் திரும்ப உள்ளே வைத்தாள்.

"இஞ்சரும், விலகும். பைக் நனையுது!"

"நனையட்டும்," என்றாள் அவள், மற்றப் பையையும் தூக்கியபடி. "அதுக்குத்தான் பேப்பர் கிடைச்சிட்டுதே. இனி அது எங்கயும் நிக்கலாம்."