பானையின் வாய்

வெள்ளவத்தை மாடிவீட்டு வாசலில் டில்ஷானியின் பெட்டிகள் அடுக்கிக் கிடக்கின்றன. வேலை மாறியதால், ஒப்பந்தம் முடியுமுன்பே வீட்டை விடுகிறாள். "வேற ஆள் வரும்வரைக்கும் வாடகைய அட்வான்ஸிலதான் கழிப்பன். இன்னும் ஒருத்தரும் வந்து கேக்கேல்லை," என்கிறார் வீட்டுக்காரி தவமலர் அன்ரி. "ராகுகாலத்துக்கு முன்னம் சாவியைத் தாங்கோ, பிள்ளை." கடலோர ரயில் கடக்க, ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. ஏன் இந்த அவசரம்? சாவியை நீட்டிய டில்ஷானியின் கை பாதியில் நிற்கிறது. அன்ரியின் கூடையில், மூடிய துவாய் விலகி, புது மண்பானையின் வாய் தெரிகிறது. பக்கத்தில் பால் பைக்கற். "பால் காய்ச்சிக் குடிவாறது ஆர், அன்ரி?" அன்ரி துவாயை இழுத்து மூடுகிறார். கீழே வீட்டுச் சாமான் மூட்டைகளோடு த்ரீவீல் ஒன்று வந்து நிற்கிறது. குழந்தையொன்று சிரித்தபடி படியேறுகிறது. டில்ஷானி சாவியை உள்ளங்கைக்குள் இறுக்கிக்கொள்கிறாள்.