சுட்டுவிரல்

ஆடியில் ஒரே பொட்டலத்தைப் பிரித்து இருவரும் போட்ட பரங்கி விதைதான். வேதவல்லியின் கொடியில் பிஞ்சுகள் பழுத்து உதிர்ந்தன. காய்க்காத ஆண் பூக்கள்தான் சத்தை உறிஞ்சுகின்றன என்று தினமும் விடிந்ததும் அவற்றையெல்லாம் கிள்ளி எறிந்தாள். பக்கத்து வீட்டு ஜெசிந்தாவின் கொடியோ மதிலேறி, அடியில் பிஞ்சும் மேலே பூவுமாக நின்றது. பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது.

சுட்டிக்காட்டினால் பிஞ்சு வெம்பிவிடும் என்பார்கள். ஆண் பூக்களைக் கிள்ளிய கையோடு, ஆளில்லாத நேரமாக ஜெசிந்தாவின் பிஞ்சு ஒவ்வொன்றையும் தினமும் சுட்டினாள். எட்ட நின்றால் பலிக்காதோ என்று மகரந்தம் அப்பிய விரலைப் பூவுக்குள்ளேயே விட்டுக் குத்தினாள்.

பத்து நாள் கழித்து ஜெசிந்தா மதிலருகே வந்தாள்.

"எங்களுதும் உதிரத்தான் செஞ்சுதுக்கா. இந்தப் பத்து நாளா ஒண்ணுவிடாம காய் பிடிக்குது. நான் ஒண்ணுமே பண்ணல. யார் கண்ணும் படாம இருந்தா சரி."

வேதவல்லி தன் மஞ்சள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் கொடியில் அன்று ஒரேயொரு பெண் பூ விரிந்திருந்தது. அதனருகே விரலைக் கொண்டுபோனாள். பிஞ்சு வெம்பிவிடுமோ என்று பயந்து, மடக்கிக்கொண்டாள்.