சிவப்புக் கட்டம்

சுவர்த் திரையில் ப்ரோடியின் கட்டம் சிவந்தது. 204.

உடற்பயிற்சி ஆசிரியர் ஹால்வர்சன் திகைத்துப் போனார். ஷூ லேஸ் கட்டிய களைப்புக்கே ஓய்வு கேட்பவன் ப்ரோடி. இப்போதும் ஜிம்மின் ஓரமாக நடந்துதான் கொண்டிருந்தான்.

வெளியே பனி கொட்டியதால் எட்டாம் வகுப்பு உள்ளேயே ஓடியது. ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒரு பட்டை. இதயம் நிமிடத்துக்கு எத்தனை முறை துடிக்கிறது என்று அது திரையில் அவரவர் பெயருள்ள கட்டத்துக்கு அனுப்பும். வாரத்துக்கு அறுபது நிமிடம் வேகமாகத் துடித்தால்தான் மதிப்பெண். ப்ரோடிக்கு இன்னும் நாற்பது பாக்கி. அவனுடைய பக்கத்து வீட்டு மாரிட் புதன்கிழமையே முடித்துவிட்டாள்.

அந்த மாரிட் எல்லோருக்கும் முன்னால் பறந்துகொண்டிருந்தாள். அவள் கட்டம் பச்சை, 96. "ஓடினா இவள மாதிரி ஓடணும். நெஞ்சு அசையுதா பாருங்க" என்று ஹால்வர்சன் சற்று முன்புதான் பாராட்டியிருந்தார்.

ப்ரோடிக்கு 211.

போன குளிர்காலத்தில் பக்கத்து ஊர்ப் பள்ளியில் ஒரு பையன் இப்படித்தான் விழுந்தான், எழுந்திருக்கவில்லை. ஹால்வர்சன் விசிலை ஊதினார்.

"எல்லாரும் நில்லுங்க. ப்ரோடி, அப்படியே படு."

"கோச், எனக்கு ஒண்ணும் இல்ல."

"படுன்னா படு. யாராவது நர்ஸைக் கூட்டிட்டு வாங்க. ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்க."

பையனின் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. நெற்றியெல்லாம் வியர்வை. அதைப் பார்த்ததும் அவருக்கு இருந்த கொஞ்சநஞ்ச தைரியமும் போய்விட்டது.

219. படுத்துக் கிடப்பவனுக்கு ஏன் ஏறிக்கொண்டே போகிறது?

நர்ஸ் டொலோரஸ் சிவப்புப் பெட்டியோடு ஓடிவந்தாள். அடங்கப்போகும் நெஞ்சுக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி. அவள் ப்ரோடியின் சட்டையை மேலே தூக்க, அவன் நடுங்கத் தொடங்கினான்.

"நான் ஒண்ணு சொல்லணும்..."

"பேசாத கண்ணு. மூச்சை மட்டும் விடு."

"கோச், மாரிட் உக்காந்துட்டா" என்றாள் ஒரு சிறுமி.

திரும்பிப் பார்த்தார். மாரிட் சுவரில் சாய்ந்து, தலை தொங்க உட்கார்ந்திருந்தாள். உடனே திரையையும் பார்த்தார். அவளுக்கு 128. கவலைப்பட ஒன்றுமில்லை.

"பயந்திருப்பா. கொஞ்சம் தண்ணி குடு" என்று சொல்லிவிட்டு ப்ரோடியிடம் திரும்பினார்.

231.

ப்ரோடியின் அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது என்று ஹால்வர்சன் நினைத்தார். நர்ஸ் பையனின் கழுத்தில் விரல் வைத்து, கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். அவள் நெற்றி சுருங்கியது.

"இவனுக்கு நூத்தி முப்பது கூட இல்லையே."

"திரையில இருநூத்தி முப்பத்தொண்ணு காட்டுதே."

பையன் உடைந்து அழுதான். சுவர்ப் பக்கம் கையை நீட்டினான்.

"கோச், என் பட்டை மாரிட் கையில இருக்கு."