பினாயில் வாசனை

கொட்டாய் பளபளவென்று இருந்தது. பார்த்ததும் ஆக்சிலியாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

“என்னக்கா இது! மாட்டுக் கொட்டாயா, ஆஸ்பத்திரியா?”

சித்தேரி மலையில் பினாயில் வாசனை கமகமவென்று அடித்தது. சாணி இல்லை, சருகு இல்லை, சுவரெல்லாம் சுண்ணாம்பு. மாடுகள் இரண்டும் குளித்து முடித்து, கல்யாணத்துக்குக் கிளம்பியவை போலப் பலாமரத்தடியில் நின்றன.

“நீங்க வர்றீங்கன்னுதாங்க மேடம்...” சாலம்மாள் முந்தானையைத் திருகினாள்.

ஆக்சிலியாவின் ஆராய்ச்சியே இந்தத் தூசிதான். சாலம்மாளின் மகளைப் போல மாட்டோடு புழங்கி வளரும் பிள்ளைகளுக்கு வீசிங் ஏன் அதிகம் வருவதில்லை? கிருமியோடு சண்டை போட வேண்டிய உடம்பின் காவல் படை, டவுன் பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் வெறும் தூசியைப் பார்த்து மிரண்டு மூச்சுக்குழாயை வீங்க வைக்கிறது?

அதற்கு ஒரே கொட்டாயில் மூன்று முறை தூசி எடுக்க வேண்டும். இது மூன்றாவது முறை. இன்றுதான் கடைசி நாள். விட்டால் இந்த வீட்டையே ஆராய்ச்சியிலிருந்து தூக்கிவிடுவார்கள்.

மணி பார்த்தாள். வாசலுக்கும் கொட்டாய்க்கும் நடந்தாள். மறுபடியும் மணி பார்த்தாள். அரூர் பஸ்ஸுக்கு அரைமணிதான் இருந்தது.

போன தடவை உள்ளே பத்து நிமிஷம் நிற்க முடியவில்லை. அப்படி ஒரு தூசி. பொன்னான தூசி!

“தூசி எடுக்கத்தான் வர்றேன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனேக்கா! வெளியாளுக்கு முன்னாடி பெருமை காட்டணுமா? என் ஒரு வருஷ உழைப்பு போச்சு!”

“ரெண்டு நாளா காட்டுக்குக்கூடப் போவலைங்க. இதையேதான் தேச்சிட்டுக் கெடந்தா” என்றான் புருஷன் மாதேஸ்.

சாலம்மாள் உள்ளே போய், வெள்ளைத் துணியில் கட்டிய ஒரு மூட்டையோடு வந்தாள்.

“கழுவறதுக்கு முன்னயே மூலமுடுக்கெல்லாம் கூட்டி எடுத்து வெச்சிட்டேங்க. நீங்க கேட்ட தூசி.”

ஆக்சிலியாவுக்குக் கோபம் இன்னும் இறங்கவில்லை.

“அப்போ எதுக்குக்கா இந்தக் கழுவல்?”

மாதேஸ் காதில் விழாதபடி சாலம்மாள் கிட்டே வந்தாள்.

“போன தடவ கொட்டாய விட்டு ஓடியாந்து, இந்தப் பலாமரத்துக்குப் பின்னால நின்னு, யாருக்கும் தெரியாம வாயில மருந்து பம்பு அடிச்சீங்களே... எம் புள்ள மூச்சப் பாக்க மலையேறி வர்றீங்க. உங்க மூச்ச யாரு பாக்கறது, கண்ணு?”