ஆற்றில் வந்த மண்

மேசைக்குப் பின்னால் அதிகாரி, ஜன்னலோரம் மண் ஆய்வாளர், கதவருகே ஸ்டூலில் ஆய்வாளரின் தங்கை கணவர். ஆற்றை மூடும் வண்டல் தங்கை கணவரின் சரிவு நிலத்திலிருந்து வருவது உறுதியானால், அங்கே உழத் தடை.

"உழுத மேல்மண் வண்டல்ல துளிகூட இல்ல சார்" என்றார் ஆய்வாளர்.

"தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு! உரம் போட்டா அடுத்த போகம் நிமிர்ந்துடும், மச்சான்."

"அப்ப அது யாரு மண்ணு?" என்றார் அதிகாரி.

"மாப்பிள்ளையோடதுதான். அவரு நிலத்து அடிமண்ணோட அப்படியே ஒத்துப்போகுது. மேல்மண்ண மழை எப்பவோ அடிச்சுட்டுப் போயிடுச்சு."

"அப்ப தடை போட்டுடலாமா?"

"எதுக்கு சார்? இனி அங்க புல்லுகூட முளைக்காது."

'தடை தேவையில்லை' என்று அதிகாரி எழுதிய கடிதத்தை ஆய்வாளர்தான் ஒட்டி, மாப்பிள்ளையின் முகத்தைப் பாராமல் தபாலுக்குக் கொடுத்தனுப்பினார்.